வால்வு இல்லை என்போர்க்கு!

"இதற்கு வால்வு கிடைக்காது, ஐயா. தூக்கிப் போடுங்கள்!"

இப்படித் தீர்ப்பு வழங்கினார் ஒரு கடைக்காரர். கூண்டிலே நின்ற குற்றவாளி ஒரு வானொலிப் பெட்டி. செய்த குற்றம்? வயது! அறுபதைத் தாண்டிவிட்ட வயது!

பெட்டிக்கு உரியவர் நம் தோழர். அசோக் நகரில் குடியிருப்பு. கிண்டித் தொழிற்பேட்டையிலே லேத்துப் பட்டறை வேலை. அவருடைய தந்தையார் மில் தொழிலாளி. தவணை கட்டி வாங்கிய பெட்டி அது. பிலிப்ஸா, மர்பியா என்று கேட்காதீர்கள். பெயர்த்தகடு விழுந்து வெகுநாள் ஆகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிய செய்தியை இந்தப் பெட்டியின் எதிரே நின்றுதான் தெருவே கேட்டதாம். தபால் நிலையத்திலே ஆண்டுதோறும் பணம் கட்டிய லைசென்சுப் புத்தகமும் கூடவே இருக்கிறது. ஆம், இளைய தோழர்களே! வீட்டிலே வானொலி கேட்பதற்கும் உரிமம் வாங்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1980களில்தான் அது ஒழிந்தது.

தூக்கிப் போடச் சொன்ன கடைக்காரர் வேறொரு யோசனையும் சொன்னார். உள்ளே இருப்பதையெல்லாம் அகற்றிவிட்டு, புளூடூத் பலகை ஒன்றை வைத்துவிடலாமாம். "வெளியே பழசு, உள்ளே புதுசு. ஓட்டல்காரர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள்" என்றாராம். செத்த புலியின் தோலிலே வைக்கோலை அடைத்து, கண்ணாடிக் கண் பொருத்தி, ஜமீன் மாளிகைக் கூடத்திலே நிறுத்துவார்களே, அந்த வேலை! புலி இருக்கும், உறுமல் இராது.

தோழருக்கு மனம் ஒப்பவில்லை. நம்மிடம் வந்தார். இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துச் சந்திலே இருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். ஒரு காலத்திலே வாசல் நிறைய ரேடியோ அடுக்கி வைத்திருந்தவர். இப்போது மிக்சி பழுது பார்க்கிறார். பெட்டியின் முதுகைக் கழற்றினார். நான்கு வால்வுகள்: யு.சி.எச்.81, யு.பி.எஃப்.89, யு.சி.எல்.82, யு.ஒய்.85. ஒன்றிலும் வெளிச்சம் இல்லை.

"நாலும் போச்சா, ஐயா?" என்று தோழர் பதறினார்.

"நாலும் போகாது, தம்பி. ஒருத்தன் விழுந்திருப்பான். மத்தவங்க அவனுக்காக நிக்கிறாங்க" என்றார் பெரியவர்.

தொழிற்சங்கத்திலே இருப்பவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்! ஆனாலும் விவரம் சொல்லிவிடுகிறோம். இது ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த பெட்டி. சில நகரங்களிலே டி.சி. மின்சாரம் இருந்த நாளின் ஏற்பாடு. இதிலே டிரான்ஸ்பார்மர் கிடையாது. வால்வுகளின் இழைகள் கல்யாண வீட்டுச் சரவிளக்கு போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதல் இரண்டும் 19 வோல்ட் வீதம் கேட்கும். மூன்றாவது 50, நான்காவது 38. ஆக 126 வோல்ட். வீட்டுக்கு வருவதோ 230. மிச்சத்தை ஒரு தடைக்கம்பி சூடாக்கித் தீர்க்கும். சரத்திலே ஓர் இழை அறுந்தால் அத்தனையும் இருட்டு. மீட்டரை வைத்துப் பார்த்தார் பெரியவர். அறுந்தது யு.ஒய்.85 ஒன்றுதான். நான்கும் போயிற்று என்று நம்பி ஓடியிருந்தால் நான்குக்கும் விலை கொடுத்திருப்போம்.

இன்னொன்று. இத்தகைய பெட்டியின் இரும்புச் சட்டம் நேராக மின்சாரத்தோடு உறவாடுவது. தெரியாதவர் முதுகைத் திறந்து கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. துணிச்சலைக் காட்டும் இடம் இதுவன்று!

ஒரே ஒரு வால்வு. அதைத் தேடி, அசோக் நகரில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். முன்னாளிலே ரேடியோச் சாமான் வேண்டுமென்றால் இந்தத் தெரு, இல்லையேல் மூர் மார்க்கெட். மூர் மார்க்கெட்டை 1985இல் நெருப்பு தின்றது. ரிச்சி தெருவைக் கைபேசி தின்றுகொண்டிருக்கிறது. "யு.ஒய்.85 இருக்கிறதா?" என்று மூன்று கடையிலே கேட்டோம். ஒருவர் சிரித்தார், ஒருவர் தலையை ஆட்டினார், ஒருவர் அது எந்தக் கம்பெனிக் கேமரா என்று கேட்டார்!

வெறுங்கையோடு திரும்பினோம். பெரியவர் கேட்டார்: "என்ன பேரு சொல்லிக் கேட்டீங்க?"

"யு.ஒய்.85."

"38ஏ3ன்னு கேட்டுப் பாருங்க."

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்! ஐரோப்பியர் வைத்த பெயர் யு.ஒய்.85, அமெரிக்கர் வைத்த பெயர் 38ஏ3. அமெரிக்கப் பெயரில் முன்னே நிற்கும் எண், இழை கேட்கும் வோல்ட்டைச் சொல்லும். ஐரோப்பியப் பெயரிலே முதல் எழுத்து அந்த வேலையைச் செய்யும்: ஈ என்றால் 6.3 வோல்ட், யு என்றால் 100 மில்லி ஆம்பியர் சரத்திலே நிற்பவன். ஈ.சி.எச்.81 என்பவனே 6ஏ.ஜே.8. ஈ.எல்.84 என்பவனே 6பி.கியூ.5, ருஷ்யப் பெட்டியிலே அவனுக்கு 6பி14பி என்று பெயர். இந்தக் குலமுறை தெரியாதவன் "இல்லை" என்று கை விரிக்கிறான். தெரிந்தவன் பெயரை மாற்றிக் கேட்டுப் பெற்றுக்கொண்டு போகிறான்.

மறு வாரம் போனோம். மாடியிலே, பழைய அலமாரியிலே, பழுப்பேறிய அட்டைப்பெட்டிக்குள் ஒன்று இருந்தது. 250 ரூபாய். பேரம் பேச நமக்கு வாய் வரவில்லை.

இடைப்பட்ட ஒரு வாரமும் பெட்டி ஊமையாக இருக்கவில்லை. பெரியவர், இழைக்குப் பதிலாக 380 ஓம் அளவுக்கு ஒரு தடையும், மின்சாரத்தை ஒருவழிப்படுத்த ஒரு சிலிக்கன் டயோடும் வைத்து ஓட விட்டிருந்தார். "அப்படியானால் புளூடூத் வைப்பதை ஏன் பழித்தீர்?" என்று கேட்கத் தோன்றும். சொல்கிறோம். கால் உடைந்தவனுக்குக் கைத்தடி கொடுப்பது வேறு. காலையே வெட்டி எறிவது வேறு. யு.ஒய்.85 பாடுகிற வால்வு அன்று, சோறு போடுகிற வால்வு. அதன் சாக்கெட்டை அறுக்காமல், ஒரு கம்பியையும் வெட்டாமல் வைத்த ஏற்பாடு அது. உண்மையானவன் வந்ததும் விலகிக்கொண்டது.

புதிய வால்வைச் செருகுமுன் பெரியவர் செய்த வேலைதான் நம்மை வியக்க வைத்தது. மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். அவை ஆண்டாண்டாக ஈரம் குடித்துக் கசிகின்றன. ஒலியைக் கொடுக்கும் கடைசி வால்வுக்கு முன்னே நிற்கும் கண்டென்சர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுத்துக் கொதித்துச் சாகும். புது வால்வு போட்டாலும் அதே கதி. சில ரூபாய்ச் சாமான் செய்த கொலைக்கு, "பழைய பெட்டி வால்வைத் தின்கிறது" என்று பழி! எத்தனை நல்ல வால்வுகள் இப்படி வீணாயினவோ!

ஏன் இவ்வளவு வருந்துகிறோம்? செய்வார் இல்லை, அதனால். பெங்களூரிலே 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961 முதல் ரேடியோ வால்வுகளை நம் நாட்டிலேயே செய்தது. நம் தொழிலாளர் கைகள் இழை கட்டி, காற்றை உறிஞ்சி, கண்ணாடியை மூடிய வால்வுகள்! அந்த உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆயிற்று. ருஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் வால்வு இன்றும் செய்கிறார்கள். ஆனால் யாருக்கு? கிட்டார் வாசிப்போருக்கும், ஒலிப்பெருக்கிக்கு இலட்சம் கொட்டுகிற சீமான்களுக்கும். அவர்களுக்கு வேண்டியது ஈ.எல்.84, ஈ.சி.சி.83 போன்றவை. 2022இல் ருஷ்யா ஏற்றுமதியை நிறுத்தப் போகிறது என்றவுடன் உலகச் சந்தையே நடுங்கியதும் அவர்களுக்காகத்தான். வானலையைப் பிடித்து மாற்றித் தருகிற யு.சி.எச்.81ஐச் செய்ய ஒருவருக்கும் அக்கறை இல்லை. உள்ளது எவ்வளவோ அவ்வளவுதான்!

அந்த உள்ளது எங்கே இருக்கிறது? நம் வீட்டுப் பரணிலே, கதவடைத்த ரேடியோக் கடையின் மேசை அறையிலே, படிப்பகத்து மூலையிலே. நாளைக்குக் காயலான் கடையிலே கிலோ கணக்கிலே!

ஆகவே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையான் அரித்த பெட்டியே ஆனாலும், எடைக்குப் போடுமுன் தெரிந்தவரைக் கொண்டு வால்வுகளைக் கழற்றுங்கள். தூசியைத் துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடி மேலே அச்சடித்த எண் விரல் பட்டாலே அழிந்துவிடும், எண் போனால் பெயரற்ற பிணம். தலைப்பிலே வெள்ளி பூசியது போலிருந்தால் உள்ளே காற்று நுழையவில்லை என்று பொருள். பால் வெள்ளையாகிவிட்டால் அதற்கு மருந்தில்லை. நல்லதைக் காகிதத்தில் சுற்றி, மேலே எண்ணை எழுதி வையுங்கள்.

அரசினரிடமும் ஒன்று கேட்போம். ஐ.டி.ஐ.க்களிலே ரேடியோ, டெலிவிஷன் மெக்கானிக் என்று ஒரு பயிற்சி இருந்தது. கிண்டியிலே ஓர் ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே ஒரு மேசை, வால்வு சோதிக்கும் கருவி ஒன்று, எவரிடம் எந்த வால்வு இருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு பேரேடு, வாரத்தில் ஒரு நாள் இத்தகைய பெரியவர் ஒருவருக்கு ஒரு நாற்காலி, ஒரு நாட்கூலி. இதற்கு எத்தனை கோடி வேண்டும்? கண்காட்சிக் கூடத்திலே கண்ணாடிக்குள் ஊமை ரேடியோவை நிறுத்தச் செலவிடுவதைவிட இது மிகுதியாகிவிடுமா? பெரியவருக்கு எழுபத்து மூன்று வயது. 38ஏ3 என்று சொல்லிக் கொடுக்க அடுத்தவர் எவர் என்று அவரைக் கேட்டோம். மிக்சிக்குத் திருகு முடுக்கிக்கொண்டே, "வந்தா சொல்லித் தர்றேன்" என்றார்.

தோழர் வீட்டிலே பெட்டி பாடுகிறது. மீடியம் வேவ் நிலையங்கள் குறைந்துவரும் காலம் என்றாலும், இரவிலே தொலைவிலிருந்து எவனோ ஒருவன் பேசுவது இரைச்சலோடு கேட்கத்தான் செய்கிறது. இப்போது பெரியவர் மேசை மேலே இருப்பது சைதாப்பேட்டைப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றின் பெட்டி. எல்லாம் சரியாயிற்று, பச்சை ஒளி காட்டும் மந்திரக் கண் மட்டும் மங்கிப்போயிற்று. ஈ.எம்.81 ஒன்று வேண்டும். பரணிலே பாருங்கள்.