கருப்பைவாய்ப் புற்றும் நம்மவர் பராமுகமும்

திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கி நடைபெற்ற ஒரு வைத்திய ஆராய்ச்சியை நம் நேயர்களில் எத்தனை பேர் அறிவர்? அந்நிய நாடுகளின் நிபுணர்கள் அதனை மேற்கோள் காட்டிப் பேசுகின்றனர். நம்மவரில் பலர் கேள்விப்பட்டதும் இல்லை.

அங்குச் செய்தது மிக எளிய காரியம். பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளின் கருப்பை வாயில், நீர் கலந்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்பை, தடவிச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். கேடுற்ற இடம் வெளுத்துக் காட்டும். தக்கவர்களுக்கு அவ்விடத்தைக் கடுங்குளிரால் உறையச் செய்து அழித்தார்கள். இவ்விதம் 31,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகள் ஒரே ஒரு முறை பரீக்ஷிக்கப்பட்டனர். பலன் 2007-இல் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று. இப்பரீக்ஷை ஏற்படாத கிராமங்களோடு ஒப்பிடுகையில், இந்நோயால் நேரும் மரணம் 100-க்கு 35 வீதம் குறைந்திருந்தது!

நம் மண்ணிலேயே நிரூபணமான உண்மை இது. ஆயினும் 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள ஸ்திரீகளில் இப்பரீக்ஷையை ஒரு முறையேனும் செய்துகொண்டோர் இந்தியா முழுவதிலும் 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 10 பேருக்குச் சற்றுக் குறைவு. நம் மாகாணம் முன்னணியில் நிற்கிறதென்று மார்தட்டிக்கொள்ள இது போதுமா? 2022-இல் இத்தேசத்தில் ஏறக்குறைய 80,000 ஸ்திரீகள் இந்நோயால் மாண்டனர் என்பது சர்வதேச மதிப்பீடு.

பரீக்ஷைக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கமும் வீண் சந்தேகமுமே. இந்நோய்க்கு மூலம் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமி. அதனைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு ஸுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவினால் பரவும் இக்கிருமி மிகச் சாதாரணமானது, ஆண்களிடமும் உண்டு. பெரும்பாலோர் உடலினின்று தானே நீங்கிவிடும். நீங்காது தங்கினால் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றாகலாம். இதைக் கொண்டு ஒரு ஸ்திரீயின் ஒழுக்கத்தைக் குறை கூறுவது மடமை. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தடுக்கும் கணவன் எதைக் காப்பதாக எண்ணுகிறான் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆரம்பத்தில் வலியும் இராது. இரத்தப் போக்கும் இராது. இவை தோன்றட்டுமென்று காத்திருப்பின் வியாதி பெரும்பாலும் முற்றியிருக்கும்.

சிறுமிகளுக்குத் தடுப்பூசி உண்டு. புனாவின் சீரம் ஸ்தாபனம் சுதேசியாகவே தயாரித்த ஊசி 2023-இல் வெளிவந்தது. மத்திய சர்க்காரும் 2024 பிப்ரவரியில், 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதனை ஊக்குவிப்பதாக பட்ஜெட்டில் அறிவித்தது. நன்றே. ஆனால் ஏற்கெனவே உடலில் தங்கிய கிருமியை ஊசி போக்காது. மகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் தாயை மறந்துவிடலாகாது.

பரீக்ஷை முகாம் நடத்திப் புகைப்படம் பிரசுரிப்பதில் நமக்குத் திருப்தியில்லை. எத்தனை பேர் பரீக்ஷிக்கப்பட்டனர், குறை கண்டவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற கணக்கை ஜில்லாவாரியாகச் சர்க்கார் வெளியிட வேண்டும். அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இக்கேள்வியை எழுப்புவார்களாக.