கொலையா? வதமா? வீரமரணமா?

ஈரான் தேசத்து சேனைத் தலைவர்களில் ஒருவரான காசிம் சுலைமானி என்பவர் 2020-ம் வருஷம் ஜனவரி மாதம் 3-ந் தேதி நடுநிசி கழிந்தபின் பாக்தாத் ஆகாய விமான நிலையத்தண்டை அமெரிக்கர்களால் கொல்லப்பட்டார். அப்பொழுது உலகத்தில் கிளம்பிய வாதமானது வருஷங்கள் பல சென்றும் இன்னும் அடங்கினபாடில்லை. "நீங்கள் எந்தக் கட்சி? கொன்றது சரியா, தப்பா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கின்றார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லுவது குருமார்களுக்கு சுலபமாயிருக்கலாம். நமக்கோ, கேள்வி கேட்டவர்களுக்குக் கோபம் வந்தாலும் சரி, நடந்த சங்கதிகளை வரிசையாய் வைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் நடந்தது என்ன? 2019 டிசம்பர் 27-ந் தேதி ஈராக்கில் கிர்க்கூக் பக்கத்திலுள்ள ராணுவ முகாமின்மேல் வெடிபாணங்கள் விழுந்து அமெரிக்கக் கண்டிராக்டு ஊழியர் ஒருவர் மாண்டார். 29-ந் தேதி அமெரிக்க விமானங்கள், ஈரானுடைய ஆதரவு பெற்ற படைக் கூட்டம் ஒன்றின் இருப்பிடங்களில் குண்டு போட்டதில் சுமார் 25 பேர் மாண்டார்கள். 31-ந் தேதி பாக்தாதிலுள்ள அமெரிக்க ஸ்தானிகர் மாளிகையை ஒரு கூட்டம் முற்றுகையிட்டு வாசலைக் கொளுத்திற்று. அதற்கு மூன்றாம் நாள் ஆளில்லா ஆகாய விமானத்திலிருந்து எய்யப்பட்ட குண்டுகளால் இரண்டு மோட்டார் வண்டிகள் எரிந்து 10 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் சுலைமானி. மற்றொருவர் அபு மஹ்தி அல் முஹந்திஸ் என்னும் ஈராக்கியர். இவர் ஈராக் சர்க்காரே தன் சேனையின் பகுதி என்று சட்டம் செய்து சம்பளம் கொடுத்து வந்த படையின் துணைத் தலைவர். அதாவது அமெரிக்கா தனது சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தேசத்துக்குள், அந்த தேசத்தாரைக் கேட்காமலேயே, அந்த தேசத்து அதிகாரியையும் சேர்த்துக் கொன்றது. பின்னால் அந்நாட்டு பார்லிமெண்டு ஜனவரி 5-ந் தேதி கூடி அந்நிய துருப்புகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானித்தபோது, அப்படிச் செய்தால் ஈராக்கின்மீது வர்த்தகத் தடை போடுவோம் என்று பிரசிடெண்ட் டிரம்ப் பயமுறுத்தினார். சிநேகத்தின் யோக்கியதை அவ்வளவுதான்.

நிற்க, கொன்றதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனிப்போம். முதல் நாள் சொன்னது, உடனே நடக்கவிருந்த ஒரு தாக்குதலைத் தடுப்பதற்காகக் கொன்றோம் என்பது. சுலைமானியின் சதி டில்லி வரையில் எட்டியது என்றுகூட சேர்த்துச் சொன்னார்கள். ஒரு வாரம் சென்று ஜனவரி 10-ந் தேதி, நான்கு ஸ்தானிகர் மாளிகைகள் தாக்கப்பட இருந்ததாகத் தாம் நம்புவதாய் டிரம்ப் சொன்னார். 12-ந் தேதி அவருடைய யுத்த மந்திரி எஸ்பர், நான்கு மாளிகைகளைப் பற்றிக் குறிப்பான அத்தாட்சி எதையும் தாம் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 13-ந் தேதி டிரம்ப், அபாயம் நெருங்கியிருந்ததா இல்லையா என்பதே முக்கியமல்ல, அந்த மனிதனுடைய பூர்வ சரித்திரம் அவ்வளவு கொடியது என்று முடித்துவிட்டார். பிப்ரவரி 14-ந் தேதி சட்டசபைக்கு எழுத்து மூலமாக அனுப்பிய சமாதானத்திலோ, "உடனே வரவிருந்த அபாயம்" என்ற பேச்சே இல்லை. பழைய தாக்குதல்களுக்குப் பதில் என்றும், இனி நடவாமல் தடுக்க என்றும்தான் இருந்தது.

புராணம் படித்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. மரத்தின் பின்னால் மறைந்து நின்று வாலியின் மார்பில் பாணத்தைப் போட்டபிறகு, "ஏன் கொன்றாய்?" என்று சாகிறவன் கேட்கவும், கொன்றவர் ஒன்று போதாமல் ஒன்றாக நியாயங்களைத் தேடிச் சொல்லிக்கொண்டு போகவில்லையா? காரணம் முன்னால் இருந்து பாணம் பின்னால் போயிருந்தால், ஒரே காரணம் போதுமே! நமது பண்டிதர்கள் இதற்கு "வதம்" என்று பெயர் வைத்து, கொலை என்ற சொல்லே காதில் விழாதபடி செய்துவிட்டார்கள். அமெரிக்கர்களும் அதே காரியம்தான் செய்தார்கள். 1976-ல் பிரசிடெண்ட் போர்டு, சர்க்கார் ஊழியர் எவரும் அரசியல் கொலையில் ஈடுபடலாகாது என்று உத்தரவு போட்டார். 1981-ல் ரீகன் அதைத் திரும்பவும் உறுதிப்படுத்தினார். ஆகவே இதைக் கொலை என்று ஒப்புக்கொண்டால் சொந்த உத்தரவை மீறினவர்களாவார்கள். அதனால் "குறிவைத்த தாக்குதல்" என்கிறார்கள். ஈரானியரோ "வீரமரணம்" என்கிறார்கள். பெயர் எதுவானாலும் எரிந்தது பத்து உடல்கள்.

சட்டத்துக்குக் காட்டிய ஆதாரத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். 2002-ம் வருஷத்தில் சதாம் உசேன்மேல் படையெடுப்பதற்காக அமெரிக்க சட்டசபை கொடுத்த அனுமதி ஒன்று அப்பொழுது இருந்தது. அதைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். சதாம் 2006-லேயே தூக்கிலிடப்பட்டார். சுலைமானியோ 1980 முதல் 1988 வரை எட்டு வருஷம் அதே சதாமின் சேனையை எதிர்த்து யுத்தகளத்தில் நின்றவர்! சதாமை அடிக்க வாங்கிய சீட்டைக் கொண்டு சதாமின் எதிரியைக் கொல்லலாம் என்றால், அச்சீட்டைக் கொண்டு உலகத்தில் எவரைத்தான் கொல்லக்கூடாது?

இனி, அந்நாட்டிலேயே நடந்த வாதத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். எதிர்க்கட்சியார் வாய் திறக்கும்போதெல்லாம் "சுலைமானிக்காக நாங்கள் கண்ணீர் விடவில்லை" என்று ஒரு காப்புச் செய்யுள் பாடிவிட்டே அத்தாட்சி எங்கே என்று கேட்க வேண்டியதாயிற்று. அப்படிப் பாடியும், அவர்கள் பயங்கரவாதிகளைக் காதலிக்கிறவர்கள் என்று ஆளுங்கட்சிப் பிரதிநிதி ஒருவர் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் டிரம்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் மைக் லீ என்பவர், அதிகாரிகள் அறைக்குள் வைத்துச் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, தமது ஒன்பது வருஷ அனுபவத்தில் ராணுவ விஷயமாய் இதைவிட மோசமான விளக்கத்தைக் கேட்டதில்லை என்று வெளியே வந்து சொன்னார். தன் கட்சிக்காரன் செய்தான் என்பதற்காகப் பகுத்தறிவை அடகு வைக்காத இப்பேர்ப்பட்ட மனிதர் எந்தக் கட்சியில் இருந்தாலும் நாம் பாராட்டுகின்றோம். சட்டசபையின் அனுமதியின்றி ஈரான்மேல் யுத்தம் கூடாது என்ற தீர்மானம் செனட்டில் பிப்ரவரி 13-ந் தேதி 55-க்கு 45 ஓட்டில் நிறைவேறிற்று. மே மாதம் 6-ந் தேதி டிரம்ப் அதைத் தமது ரத்து அதிகாரத்தால் தள்ளிவிட்டார். குடியரசு என்பதில் குடிகளுக்கு உள்ள பங்கு அவ்வளவுதான் போலும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் சுலைமானி மகான்தானே?" என்று எவரும் புறப்பட வேண்டியதில்லை. கெர்மான் மாகாணத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் கட்டட வேலை செய்து, பிறகு சேனையில் உயர்ந்தவர் அவர் என்பது உண்மை. 2014-ல் ஐ.எஸ். என்னும் மதவெறிக் கூட்டம் ஈராக்கை விழுங்க வந்தபோது அதைத் தடுத்து நிறுத்தியவர்களில் அவர் ஒருவர் என்பதும் உண்மை. அமெர்லி என்ற ஊரை விடுவிக்கத் தரையில் அவருடைய ஆதரவு பெற்ற படைகளும், ஆகாயத்தில் அமெரிக்க விமானங்களும் ஒரே எதிரியை அடித்தன. அன்று அவர் பூர்வ சரித்திரம் எவருக்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 1999-ல் டெஹ்ரான் மாணவர்கள் வாய் திறந்தபோது, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிரசிடெண்ட் கத்தாமிக்கு, நீர் அடக்காவிட்டால் எங்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு என்று மிரட்டிக் கடிதம் எழுதிய சேனைத் தலைவர்களில் கையெழுத்திட்டவர் இவர். சிரியாவில் தன் குடிகளின்மேலேயே குண்டு போட்ட அசாத்தைக் காப்பாற்றப் படை திரட்டியவரும் இவர். அந்த அசாத்தும் 2024 டிசம்பரில் ஓடிவிட்டார். காப்பாற்றுவதற்காகச் செத்தவர்கள் செத்ததுதான் மிச்சம். ஈராக்கில் ஈரானிய ஆதரவுப் படைகளால் மாண்ட அமெரிக்க சிப்பாய்கள் 603 பேர் என்று அமெரிக்க யுத்த இலாகா கணக்குச் சொல்லுகின்றது. சிரியாவிலும் ஈராக்கிலும் மாண்ட ஏழைகளுக்கு இப்படி ஒற்றைப்படை வரையில் கணக்கு வைத்துச் சொல்ல எந்த இலாகாவும் இல்லை.

ஆகையால்தான் அவர் செத்த செய்தி கேட்டு மகமதியர்கள் எல்லோரும் அழுதார்கள் என்பதும் பொய். டெஹ்ரானில் லட்சக்கணக்கானவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சிரியாவில் இட்லிப் பக்கத்தில் மிட்டாய் வழங்கினார்கள். பாக்தாத் தஹ்ரீர் மைதானத்தில், மூன்று மாதமாக வேலையும் நல்ல ஆட்சியும் கேட்டுச் சுடப்பட்டு வந்த வாலிபர்களில் சிலர் ஆடிப்பாடினார்கள். அமெரிக்க மந்திரி பாம்பியோ அந்த ஆட்டத்தைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டி, பார் எங்கள் புண்ணியத்தை என்றார். அதே மைதானத்தில் அமெரிக்காவும் வேண்டாம் ஈரானும் வேண்டாம் என்று எழுந்த கூச்சலை அவர் காட்டவில்லை.

கடவுளும் இந்த வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டார். கோம் நகரத்து ஜம்காரன் மசூதியின்மேல் பழிக்குப் பழி என்பதற்கு அடையாளமான சிவப்புக் கொடி ஏறிற்று. கொலை நடந்த அன்றே டிரம்ப், மியாமி நகரத்தில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் கூடிய பக்தர்களிடம் கடவுள் நம் பக்கம் இருக்கிறார் என்று பேசினார். இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் வக்காலத்து வாங்கிய அந்த ஆசாமி, ஜனவரி 7-ந் தேதி கெர்மானில் சவ ஊர்வலத்து நெரிசலில் ஐம்பதுக்கு மேற்பட்ட பக்தர்கள் மிதிபட்டுச் செத்தபோது எங்கே போயிருந்தார்? 2024 ஜனவரி 3-ந் தேதி அதே ஊரில் நினைவு நாளுக்குக் கல்லறைக்குப் போனவர்களில் தொண்ணூறு பேருக்கு மேல் ஐ.எஸ். வைத்த குண்டால் சிதறியபோது யார் பக்கம் இருந்தார்?

இவற்றைவிடக் கொடுமை ஆகாய விமான விஷயமாகும். 2020 ஜனவரி 8-ந் தேதி ஈரான் பழி வாங்குவதாய்ச் சொல்லி ஈராக்கிலுள்ள அமெரிக்க முகாம்களின்மேல் குண்டுகளை எய்தது. அதில் அமெரிக்கர் ஒருவரும் சாகவில்லை. நூறு பேருக்கு மேல் மூளை அதிர்ச்சி கண்டது. அதை டிரம்ப் தலைவலி என்றார். அன்று விடியுமுன் டெஹ்ரானிலிருந்து கீவ் நகரத்துக்குக் கிளம்பிய உக்ரேன் பிரயாணிகள் விமானத்தை, எதிரி ஆயுதம் என்று நினைத்து ஈரான் படையாரே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். 176 பேர்! விடுமுறைக்குத் தாய் தகப்பனைப் பார்க்க வந்து திரும்பிய மாணவர்கள், புதிதாய்க் கலியாணமானவர்கள், குழந்தைகள். பெரும்பாலோர் ஈரானியர்களே. மூன்று நாள் வரை, இயந்திரக் கோளாறு என்று சர்க்கார் சாதித்தது. 11-ந் தேதி உண்மை வெளியானதும், சில நாட்களுக்கு முன் அழுத அதே டெஹ்ரான் தெருக்களில் சுலைமானியின் படங்கள் கிழிக்கப்பட்டன. மறுநாள் ஒரு சர்வகலாசாலையில், மிதிப்பதற்கென்று தரையில் எழுதியிருந்த அமெரிக்க, இஸ்ரேல் கொடிகளை மிதிக்காமல் மாணவர்கள் ஓரமாய் ஒதுங்கி நடந்தார்கள். மிதித்துச் சென்ற சிலரைப் பார்த்துக் கூவினார்கள். அவர்கள் அமெரிக்காவின் அடிமைகளல்ல. எவரை வெறுக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லிக் கொடுப்பதைக் கேட்க மறுத்தவர்கள்.

சரி, நமது அபிப்பிராயம் என்ன? யுத்தம் என்று பகிரங்கமாய்ச் சொல்லி நடக்கும்போது எதிரித் தளகர்த்தனைக் கொல்லுவது உலக வழக்கம். 1943 ஏப்ரல் 18-ந் தேதி ஜப்பானிய கடற்படைத் தலைவர் யமமோட்டோவின் விமானத்தை அமெரிக்கர்கள் வழிமறித்து வீழ்த்தியபோது, எந்த சட்டப்படி என்று எவரும் வாதிடவில்லை. இங்கோ யுத்தம் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்காத யுத்தத்தில் உடனே வரவிருந்த அபாயம் ஒன்றுதான் சமாதானமாக முடியும். அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு கொன்றவனுடையது. காட்டவில்லை. 2020 ஜூலையில் ஐக்கிய நாட்டு விசாரணையாளர் ஆக்னஸ் கலமார் அம்மையாரும் இதையே சொல்லி, கொலை சட்ட விரோதமானது என்று அறிக்கை கொடுத்தார்.

"சுலைமானியை எந்தக் கோர்ட்டு பிடித்து விசாரிக்கும்?" என்று கேட்கின்ற தோழர்களின் கேள்வி நியாயமானது. எந்தக் கோர்ட்டும் பிடித்திருக்காது. ஆனால் பிடிக்க முடியாது என்பதாலேயே கொல்லலாம் என்றால் மிஞ்சுவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அன்று அவ்விமானத்தைச் சுட்ட படையின் தலைவர் ஹாஜிஜாதே என்பவர். முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, அச்செய்தி கேட்டபோது தாம் செத்திருக்கக்கூடாதா என்று தோன்றியதாகச் சொன்னார். செத்தவர்களின் குடும்பத்தார் வருஷக் கணக்காய்க் கேட்டதெல்லாம், மேலதிகாரிகளைக் கூண்டில் ஏற்றி விசாரியுங்கள் என்பதுதான். கீழ்ப்படியிலிருந்த பத்துப்பேருக்கு மட்டும் 2023-ல் ஈரானிய கோர்ட்டு தண்டனை கொடுத்தது. ஹாஜிஜாதேயை 2025 ஜூன் 13-ந் தேதி இஸ்ரேலியர் குண்டு போட்டுக் கொன்றார்கள். அவரும் இப்பொழுது வீரமரணம் அடைந்தவர். அவர் படத்துக்கு மாலை போடலாம், கேள்வி கேட்க முடியாது.

சுலைமானி விஷயத்தில் நமக்கு மாறான அபிப்பிராயமுடைய தோழர்கள், அத்தாட்சி ஏதேனும் வைத்திருப்பார்களானால் நமக்கு எழுதட்டும். பிரசுரிக்க நாம் தயாராயிருக்கின்றோம்.