பெரிய மீனைப் பிடிக்கலாமா?

"சின்ன மீனை விட்டுடு, பெரிய மீனைப் பிடி." கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு! குட்டி வளரட்டும், ஒரு தடவையாவது முட்டையிடட்டும். வயசான மீன்தானே, போனா என்ன? பல நாட்டு மீன்பிடி விதிகள் இந்த நினைப்பில்தான் நிற்கின்றன. ஆனால் சில மீன்களுக்கு இந்த விதிதான் ஆப்பு என்பது என் கட்சி.

பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும் மீன்களைச் சொல்கிறேன். (நீமோ படம் பார்த்தவங்க கவனத்துக்கு: கோமாளி மீன் இதுக்கு நேர் எதிர். நிஜக் கடலில் நீமோவோட அப்பா அம்மாவாகியிருக்கணும் :-))

கரீபியன் கடலில் நீலத்தலை ராஸ் என்று ஒரு மீன். கூட்டத்தின் பெரிய ஆணை எடுத்துவிட்டால், இருப்பதிலேயே பெரிய பெண் கொஞ்ச நேரத்திலேயே ஆண் மாதிரி நடக்க ஆரம்பிக்கும். சினைப்பையை நீக்கிய பெண்ணும் அப்படியே செய்வதை 1996-ல் ஜான் காட்வின் குழு காட்டியது. ஆக, முதல் சிக்னல் மூளைக்கு. உடம்பு பின்னாடிதான்.

உடம்பில் நடப்பது இது. அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சினைப்பையில் அது வேலை செய்யும்வரை மீன் பெண். அதன் ஜீன் அடங்கினால் ஈஸ்ட்ரோஜன் சரியும், சினைப்பை கரையும், 11-கீட்டோடெஸ்டோஸ்டீரோன் ஏறும், அதே இடத்தில் விந்தகம் உருவாகும். நீலத்தலைக்கு மூணு வாரத்தில் எல்லாம் முடிஞ்சுடும். இந்த நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்தே களவா இனம் ஒன்றில் பெண்ணை ஆணாக்கியிருக்கிறார்கள்.

எங்க பொட்டி தட்டுற பாஷையில் இதுக்குப் பேரு ஃபெயில்ஓவர். மெயின் சர்வர் படுத்தா ஸ்டாண்ட்பை எழுந்து நிக்கும். "அப்புறம் என்னய்யா கவலை? ஒரு ஆணைப் பிடிச்சா இன்னொண்ணு தானா வந்துடுமே" என்பீர்கள்.

வராது. நம்மூர் சந்தையில் களவா என்று விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தது, மெக்சிகோ வளைகுடாவின் காக் குரூப்பர். நாலு வயசு வாக்கில் முட்டையிடத் தொடங்கும் பெண், ஆணாக மாற சுமார் 11 வயசு ஆகணும். பெரிய மீனையே குறிவைத்துப் பிடித்தால் ஆண் மட்டும் போவதில்லை. அடுத்து ஆணாக வேண்டிய பெண்ணும் சேர்ந்து போகிறது. மெயின் சர்வரோட ஸ்டாண்ட்பையையும் கழட்டிட்டு ஃபெயில்ஓவருக்குக் காத்திருந்தா எப்படி?

அங்கே 1970-களின் கடைசியில் சுமார் 17 சதவீதமாக இருந்த ஆண்கள், 1990-களின் தொடக்கத்தில் சுமார் 2 சதவீதம். இனப்பெருக்கத்துக்கு மீன் கூடும் மாடிசன்-ஸ்வான்சன், ஸ்டீம்போட் லம்ப்ஸ் என்ற இரண்டு இடங்களை 2000-ல் மூடினார்கள். அப்படியும் 2022-ல் அமெரிக்க அரசு, இந்த மீனின் இருப்பு அளவுக்கு மீறிச் சரிந்துவிட்டதாக அறிவித்தது.

"பெரிய மீனுக்குத்தானே விலை, மீனவர் வயித்துல அடிக்கலாமா?" நியாயமான கேள்வி. ஆனால் ஆண் இல்லாத கடலில் முட்டை இருக்கும், குஞ்சு இருக்காது. அன்னிக்கு முதல்ல பட்டினி கிடக்கப் போறதும் அவர்தான். அதனால் இந்த மாதிரி மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு மட்டும் போதாது. இவ்வளவுக்கு மேல் பெரிசாக இருந்தால் விட்டுவிடு என்று மேல் வரம்பும் வேணும். மீன் கூடும் இடங்களை இன்னும் பெரிசா மூடணும், மூடியதை ஒழுங்கா காவல் காக்கணும்.

எல்லாத்துக்கும் மேலே, கடலில் மொத்தம் எத்தனை மீன் என்று மட்டும் எண்ணுவதை நிறுத்தணும். அதில் ஆண் எத்தனை, அடுத்து ஆணாகும் வயசில் பெண் எத்தனை என்று எண்ணணும். மொத்தக் கணக்கு பச்சை விளக்கு காட்டிக்கிட்டே இருக்கும்போதுதான் சிஸ்டம் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கும். ராத்திரி ரெண்டு மணி சப்போர்ட் கால் எடுத்தவங்களுக்கு இது புரியும்.