எல் பலகையும் ஆர்.எக்ஸ். நூறும்

(இரண்டாம் ஆண்டு பொருளியல் மாணவன், ஊத்துக்குளி)

இளமைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் பாட்டனார்கள் காங்கயம் காளைகளைப் பூட்டி ரேக்ளா விட்டார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாம் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐத் தேடி ஊர் ஊராக அலைகிறோம். அந்தச் சைலன்சர் சத்தம் கேட்டால் வகுப்பே சன்னல் பக்கம் திரும்புகிறது. விரிவுரையாளர் பெருமக்கள் மன்னிப்பார்களாக. அவர்களிலும் சிலர் திரும்பக் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் நண்பன் ஒருவன் இரண்டு கோடை விடுமுறைகளில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவன். ஒன்றரை ஷிப்ட் நின்று, சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறான். சென்ற மாதம் பழகுநர் உரிமம் எடுத்தான். முதல் வண்டியாக ஒரு பழைய ஆர்.எக்ஸ். வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். இதே கேள்வியோடு இன்னும் பலர் இக்கல்லூரியில் இருப்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

கூடாது என்பதே என் கருத்து. ஆனால் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களுக்காக அன்று. பழைய வண்டி பாதி வழியில் நின்றுவிடும் என்பார்கள். நிற்கட்டுமே! செங்கப்பள்ளியிலிருந்து ஊத்துக்குளி வரை ஒருமுறை தள்ளிக்கொண்டு வந்தவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தானே கற்றுக்கொள்வான். பந்தய வண்டி என்பார்கள். அதன் கொள்ளளவு வெறும் 98 சி.சி. என்று சொன்னால் அவர்களுக்கு மறுமொழி இராது.

ஆனால் சிறிய இன்ஜின் என்றால் சாதுவான வண்டி என்று நாமும் எண்ணிவிடக் கூடாது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட் சுசூகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது, அதே ஆண்டு இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டுவந்தது. ஹீரோ ஹோண்டாவின் இன்ஜினுக்கு ஏழெட்டுக் குதிரைத்திறன். ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள ஆர்.எக்ஸ்.ஸுக்குப் பதினொன்று. வண்டியின் எடையோ சுமார் நூறு கிலோதான்.

இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை எரிபொருள் வெடித்துத் தள்ளும். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளும். அந்த விசையும் சீராக வருவதில்லை. தாழ்ந்த வேகத்தில் சோம்பிக் கிடக்கும் இன்ஜின், சுற்று ஏறியதும் சட்டென்று விழித்துக்கொண்டு பாயும். ஆக்சிலேட்டரை எத்தனை திருகினால் எத்தனை கிடைக்கும் என்று கைக்குத் தெரிந்தவனுக்கு அது இன்பம். தெரியாதவனுக்கு முன்னால் நிற்கும் துணி டெம்போவின் பின்கதவு! ஆக்சிலேட்டரை விட்டாலும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி போல இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. பிறகு இருப்பவை முன்னும் பின்னும் இரண்டு டிரம் பிரேக்குகள் மட்டுமே. 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸும், சிறியவற்றுக்கு இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் கட்டாயமாயின. ஆர்.எக்ஸ்.ஸுக்கு அந்தத் துணை ஏதும் இல்லை. ஊத்துக்குளியில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, வண்டி பார்க்க வரும் பையன்களிடம், "ஓடறதை அப்புறம் பாக்கலாம் கண்ணு, முதல்ல நிக்குதான்னு பாரு" என்பார். யாரும் அதைக் கேட்டு ஓட்டிப் பார்த்ததாக நினைவில்லை, முறுக்கித்தான் பார்க்கிறார்கள்.

இவற்றைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-இல் நின்றுபோயிற்று. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே நம்மைவிட வயது அதிகம். புதிதாகப் பழகுபவனுக்கு வண்டி அணைந்து போகிறது. அவன் கை கிளட்சைச் சட்டென்று விட்டதா, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதா? பிரேக் பிடித்தால் வலப்புறம் இழுக்கிறது. அவன் உடல் சாய்ந்ததா, எப்போதோ விழுந்து ஃபோர்க் வளைந்ததா? பத்தாண்டு ஓட்டியவனுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். பழகுபவனுக்கு விளங்காது. வண்டியின் பிழையைத் தன் பிழை என்று எண்ணி நம்பிக்கை இழப்பான். அல்லது தன் பிழையை வண்டியின் மேல் போட்டுத் திருந்தாமல் போவான். அச்சுப்பிழை மலிந்த அரிச்சுவடியைக் கொடுத்துப் பிள்ளையை எழுத்துக் கற்கச் சொன்னால் எப்படி?

பிஸ்டன் ஜாம் ஆவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் இன்ஜின் ஆயில் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகப் பெட்ரோலோடு சேர்கிறது. பம்ப் பழுதானாலோ ஆயில் தீர்ந்தாலோ பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடிப்பவன் பிழைத்தான். பழகிய விரல் தானாகப் பிடிக்கும். எல் பலகை மாட்டியவனின் விரலுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? திருப்பூர்ச் சாலையில் ஷிப்ட் விடும் நேரத்தில், முன்னும் பின்னும் கம்பெனி வேன்கள் நெருக்கிவரும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நண்பன் எண்ணிப் பார்க்கட்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். பொருளியல் மாணவன் அதை விட்டுவிட முடியாது. நன்றாகப் புதுப்பித்த ஆர்.எக்ஸ்.ஸுக்கு இன்று லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் விலை சொல்கிறார்கள். நாற்பதாயிரத்துக்கு வருவது பெரும்பாலும் வெறும் வண்ணப்பூச்சு. அதன்மேல் போர் போட வேண்டும், பிஸ்டன் மாற்ற வேண்டும், கார்புரேட்டர் தேட வேண்டும். வேறு இன்ஜின் பொருத்தியவையும் உண்டு. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. பதினைந்து ஆண்டு கடந்த பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் டி.என். 33 என்ற ஈரோட்டு எண் இருப்பதைக் கண்டு வெளியூர் வண்டி என்று மிரளத் தேவையில்லை. 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமையும்வரை ஊத்துக்குளி ஈரோடு மாவட்டத்தில் இருந்தது.

ஆசையை அடியோடு அறுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில் ஒரு கல்வி இருக்கிறது. அது நம் பாடத்திட்டத்தில் இல்லாதது. வேகத்துக்கும் இடம் உண்டு. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரால் அமைந்த ஓடுதளம் 2003-இல் வந்தது. நான் கேட்பது வரிசை மாற்றம் ஒன்றே.

நண்பன் செய்ய வேண்டியது இது: நாற்பதாயிரத்தில் முப்பதுக்குள், ஒரே கையில் ஓடிய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை, அழகில்லாவிட்டாலும், வாங்கட்டும். மிச்சத்தில் இரண்டு டயர், பிரேக் ஷூ, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம். கண்காணிக்க ஒருவரை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் குன்னத்தூர்ச் சாலையில் நிறுத்தப் பழகட்டும். முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, மண்ணிலும் மழை ஈரத்திலும். நிரந்தர உரிமம் வாங்கி ஓராண்டு ஓட்டிய பிறகும் அந்தச் சைலன்சர் சத்தம் அவனை அழைக்குமானால் வரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போய்ப் பார்ப்போம்.