ஆளில்லா வளவுகள்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கூரையற்ற வீடுகள் சில இன்னமும் நிற்கின்றன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, 2 மணிநேர அவகாசத்தில் உரிமையாளர்கள் வெளியேற்றப்பட்ட வீடுகள் அவை. மழை பெய்தால் அறைகளுக்குள்ளேயே தண்ணீர் தேங்கும்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், வளவில் சிரட்டை, டின், டயர் கிடக்காமலும் கூரைப் பீலியில் நீர் தேங்காமலும் பார்க்கும் பொறுப்பை உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மேல் வைக்கிறது. நல்ல சட்டம்தான். 2017இல் மட்டும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான நாடு இது. ஆனால் உரிமையாளர் புத்தளத்தில் இருக்க, பூட்டிய படலையில் ஒட்டும் அறிவித்தலை வாசிப்பது யார்? ஒரு வாரம், பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடுமே!

துரத்தப்பட்டவரிடம் தண்டப்பணம் கேட்பது அநீதி. சபையே முதலில் துப்புரவு செய்யட்டும். செலவைப் பிறகு பேசலாம். ஆனால் வசதியிருந்தும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.

வாப்பாமார் கோபிக்கக்கூடாது: காணி பிரிப்பதில் சகோதரர்கள் உடன்படாததால் பாழாகும் வீடுகள் நம் ஊர்களிலும் உண்டு. வழக்கு எத்தனை வருடமும் நடக்கட்டும். அதுவரை யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை போய்க் கிணற்றையும் பீலியையும் பார்த்துவிட்டு வரலாம்.