ஆய்வுக்கூடமும் ஆட்டுக்கொட்டகையும்

பெம்பான், ஜாசின் வட்டாரத்தில் அறிவியல் பிரிவில் பயிலும் மாணவி ஒருத்தி கால்நடை மருத்துவம் படிக்க விரும்புவதாகச் சொன்னால், அவளுக்கு இருவகை அறிவுரைகள் கிடைக்கும். “உனக்கு ஆய்வில்தான் ஆர்வம். பேசாமல் உயிரியல் படி. மருத்துவ இடத்தை ஏன் கேட்கிறாய்?” என்பார் ஒருவர். “புள்ளிகளும் அறிவியல் விழாச் சான்றிதழும் இருந்தால் போதும். மாட்டைத் தொட்டுப் பழகியிருக்க வேண்டும் என்பதில்லை” என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் சரியன்று. ஆய்வுப் பின்னணி கால்நடை மருத்துவக் கல்விக்கு ஏற்ற தகுதியே. ஆனால், அந்த ஆய்வு விலங்கை விட்டு விலகி நின்றால் அதன் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகமும் மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகமும் ஐந்தாண்டுக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பை நடத்துகின்றன. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன், அடித்தளக் கல்வி முதலியவற்றை முடித்தவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். புள்ளிகளோடு நேர்காணலும் உண்டு. இடங்களோ குறைவு. “பண்ணையிலும் சிகிச்சை நிலையத்திலும் வேலை செய்ய ஆள் இல்லாதபோது, ஆய்வுக்கூடத்துக்குள் போய் உட்காரப் போகிறவருக்கு ஓர் இடத்தைக் கொடுப்பது வீண்” என்னும் வாதம் இதிலிருந்துதான் எழுகிறது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும், நம் நாட்டின் அனுபவமே இவ்வாதத்துக்கு எதிராக நிற்கிறது.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அது முதலில் கருதப்பட்டது. கொசுக்களை ஒழிக்கப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் உள்ள புக்கிட் பெலாண்டோக் வரைக்கும் அது பரவியது. அந்த முடிவோடு பொருந்தாத அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றிகளோடு நேரடியாகப் பழகிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்று, குரைப்பது போல இருமின. கொட்டகையில் நின்று பார்த்தவருக்கு அந்த இருமல் கேட்டது. அது எதனால் என்று சொல்ல ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதியதொரு வைரஸ் கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது ‘நிப்பா’ என அழைக்கப்படலாயிற்று. அதற்குள் விலை கொடுத்தாயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. பழந்தின்னி வௌவால்களே இக்கிருமியின் இயற்கை இருப்பிடம் என்பது பின்னர்த் தெரிந்தது. பண்ணையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் கொட்டகைக்குள் விழுந்ததால் பன்றிகளுக்கு நோய் தொற்றியிருக்கும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மரம் எங்கே நிற்கிறது, கொட்டகை எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்கும் கண்ணும், கிருமியைத் தேடும் பயிற்சியும் ஒருவரிடமே இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அத்தகையவருக்குக் கொடுக்கும் இடத்தை வீண் என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் டோஹர்ட்டி 1962இல் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் எடின்பரோவில் ஆடுகளின் மூளையைத் தாக்கும் நோயை ஆராய்ந்தார். உடலின் எதிர்ப்பு அணுக்கள் கிருமி தொற்றிய அணுக்களை எவ்வாறு இனங்காண்கின்றன என்பதைச் சக ஆய்வாளரோடு கண்டறிந்ததற்காக 1996இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். இன்று மனித நோய்களுக்குச் சிகிச்சை அளிப்போரும் அவருடைய கண்டுபிடிப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர் தொடங்கிய இடம் கால்நடை மருத்துவம்.

இவ்வளவும் ஆய்வின் பக்கம். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அறிவியல் விழாவுக்கென்று பள்ளிகளில் நடக்கும் ஆய்வுகள் சிலவற்றைப் பார்த்தால், எலுமிச்சைப்புல்லில் கொசுவிரட்டி செய்வது ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது! பரிசு கிடைக்கிறது, கோப்பில் ஒரு சான்றிதழ் சேர்கிறது. அதை மட்டும் கொண்டு நேர்காணலுக்குப் போகிறவர், “இரவு இரண்டு மணிக்குக் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்?” என்ற கேள்விக்கு முன் திகைத்துப் போவார். சாணமும் இரத்தமும், பிழைக்காது என்று தெரிந்த விலங்கை வலியின்றிச் சாகவிடும் முடிவும் இத்தொழிலில் அன்றாடம் உள்ளவை. அவற்றை அருகிலிருந்து பார்க்காமல் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வது மாணவருக்கும் நல்லதன்று. அவருக்காகக் கடன் வாங்கும் பெற்றோருக்கும் நல்லதன்று. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் விலங்குகளோடு பழகிய அனுபவம், கால்நடை மருத்துவரிடம் பெற்ற அனுபவம், ஆய்வு அனுபவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்கிறார்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதால் அது சரியான ஏற்பாடே.

பெம்பானில் வளரும் மாணவருக்கு இம்மூன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் ஆடு மாடு வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆடு மெலிந்து சோர்ந்தால், அனுபவமுள்ள தாத்தா அதன் கீழ் இமையை விலக்கிப் பார்ப்பார். உட்புறம் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். வெப்ப நாடுகளில் அதற்குப் பெரும்பாலும் காரணம், ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு. அதே ஆட்டின் புழுக்கையைக் கரைத்து, வடிகட்டி, அடர்ந்த உப்புக் கரைசலில் கலந்தால் புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். பள்ளி நுண்ணோக்கியிலேயே அவற்றைக் காணலாம். ஆசிரியரின் மேற்பார்வையும் கையுறையும் இருந்தால் போதும். பூச்சி மருந்து கொடுப்பதற்கு முன்னும், கொடுத்து இரு வாரம் கழித்தும் முட்டைகளை எண்ணிப் பார்த்தால், அந்த மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுக்கள் அதற்குப் பழகிவிடுகின்றன. இஃது ஆடு வளர்ப்போரின் உண்மையான சிக்கல். இதற்குக் கோப்பை கிடைக்காமல் போகலாம்.

எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கால்நடைச் சேவை அலுவலகத்துக்குப் போய், “இப்படி வந்திருக்கிறது, சரிதானா?” என்று கேட்கும் மாணவிக்கு, மருத்துவரோடு ஒருநாள் பண்ணைக்குச் சென்று வரவும் வழி பிறக்கக்கூடும். பின்னர் நேர்காணலில், “ஆய்வு செய்ய விரும்புகிறவர் ஏன் கால்நடை மருத்துவராக வேண்டும்?” என்று கேட்டால் அவள் தடுமாற வேண்டியதில்லை. எத்தனை ஆடுகளின் இமையைப் பார்த்தாள், எத்தனை முட்டைகளை எண்ணினாள், தாத்தாவின் கணிப்பு எந்த ஆட்டில் தவறியது, தன் கணக்கு எந்த ஆட்டில் தவறியது என்பதைச் சொன்னாலே போதும்.