தலையெழுத்தா? தாய்மடியா?

தாயற்ற பிள்ளை மந்தமாய் வளர்ந்தால், “பூர்வஜன்ம கர்மம், அதன் தலையெழுத்து” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்வது நம் ஜனங்களின் வழக்கம். தாய் பிரசவத்தில் இறந்துவிட்டாலோ “தாயைத் தின்னி” என்ற பட்டம் வேறு!

ருமேனியா தேசத்தில் 1966ம் வருஷம் சௌஷெஸ்கு சர்க்கார் கருக்கலைப்பைத் தடுத்துச் சட்டம் செய்தது. வளர்க்க வகையற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளால் சர்க்கார் விடுதிகள் நிரம்பின. 1989ல் அவ்வாட்சி கவிழ்ந்த பிறகே உலகம் உள்ளே எட்டிப் பார்த்தது. தொட்டில் இருந்தது, தூக்கிப் பேச ஆளில்லை. அழுதால் வருவாரில்லை என்று கண்ட குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தன.

பின்னர் 2001 முதல், புகாரெஸ்ட் நகர விடுதிகளின் 136 குழந்தைகளில் சரிபாதியைச் சீட்டுப் போட்டு எடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து அறிஞர்கள் கவனித்து வந்தார்கள். (மற்ற பாதி என்ன பாவம் செய்தது என்று கேட்பவர்களைக் குறை சொல்லமாட்டோம்.) 2007ல் வெளியான கணக்குப்படி, நாலரை வயதில் அறிவுச் சோதனையில் விடுதிக்கென்று விடப்பட்டவைக்குச் சராசரி 73, குடும்பம் கிடைத்தவைக்கு 81, பெற்றோரிடமே வளர்ந்த அவ்வூர்க் குழந்தைகளுக்கு 109. அதிலும் 2 வயதுக்குள் குடும்பம் சேர்ந்தவையே அதிகம் தேறின.

பிரமன் எழுதியது அழியாதாமே! பின்னே, பெறாத ஒருத்தியின் மடியில் எட்டுப் புள்ளி ஏறியது எப்படி? அந்த இரண்டு வருஷத்தையும் பரிகாரத்துக்கு நாள் பார்த்தே கழிக்கும் குடும்பத்தாருக்கு எந்த ஜோசியராவது இந்தக் கணக்கைச் சொன்னதுண்டா?